தண்ணீர் ஊற்றுவதற்கு முன்

என் தம்பியின் ரத்தம் கண்ணாடித் தட்டில் எப்போதும் அழகாகவே இருந்தது. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல், அனலாய்க் கொதித்துக் கிடக்கிற ஐந்து வயதுப் பையனின் ரத்தத்தில் ஏதாவது ஒரு கோளாறு தெரிய வேண்டாமா? தெரியவில்லை. சிவப்பணு சரி, வெள்ளையணு சரி. "இவனுக்கு ஒன்றும் இல்லை" என்று ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார்கள். ஒன்றும் இல்லாத பையன் அடுத்த மூன்றாவது வாரம் மறுபடியும் பாயில் கிடப்பான்.

நான் அப்போது மலாக்கா டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். மெர்டேக்கா வரப் போகிறது, வெள்ளைக்காரன் சுதந்திரம் கொடுக்கப் போகிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். கல்யாண வயதுப் பெண் சைக்கிள் மிதிக்கிறாளே என்று தெருவில் கொஞ்ச நாள் பேசினார்கள். அப்புறம் பேசுவதற்கு வேறு விஷயம் கிடைத்துவிட்டது. கூடத்தில் ஸ்லைடு என்கிற கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவேன், வந்தவர்களின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பேன், அதைத் தட்டில் மெல்லிசாக இழுத்துவிட்டு ஊதாச் சாயம் ஊற்றி உலர்த்துவேன். உலர்ந்த தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. போகப் போக என்னையும் பார்க்க விட்டார்.

டாக்டர் சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்த சீனப் பெண்மணி. ரத்தத்தைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசத் தெரியாதவர். ரத்த அணு எலும்புக்குள் எப்படிப் பிறக்கிறது, எப்படிப் படிப்படியாக வளர்கிறது, வளராமல் போனால் உடம்பு நோயை எதிர்த்து நிற்க முடியாமல் என்ன பாடு படுகிறது, இதுதான் அவருடைய ஆராய்ச்சி. மற்ற டாக்டர்கள் டென்னிஸ் ஆடப் போகிற சாயங்கால நேரத்தில் இவர் அடிக்கடி காய்ச்சல் வருகிறவர்களின் தட்டுகளை மரப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருப்பார். என் தம்பியின் தட்டுகளையும் நான்தான் அந்தப் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எனக்கு வீட்டில் உட்காரப் பிடிக்காது, கூடத்திலும் உட்காரப் பிடிக்காது. எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு, நடந்துகொண்டே இருந்தால்தான் நெஞ்சு கொஞ்சம் அடங்கும்.

வீட்டில் தம்பிக்கு வருவதை நோய் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள், அவ்வளவுதான். காய்ச்சல் தொடங்கி வாயில் முதல் புண் தெரிந்ததுமே அம்மா வாசலில் வேப்பிலை கட்டிவிடுவாள். அதற்கு மேல் வெளியாள் உள்ளே வரக் கூடாது. வீட்டில் எண்ணெய் காயக் கூடாது, தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது. அவனுக்குத் தனிப் பாய், தனிக் கிண்ணம், வெயிலில் காய்ந்த வெள்ளைத் துணி. ஆத்தா இருக்கிற உடம்பில் ஊசி படக் கூடாது, மருந்து படக் கூடாது, அந்த உடம்பை வாசல் தாண்டிக் கொண்டுபோகவும் கூடாது. காய்ச்சல் இறங்கினதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஊற்றுவாள். தண்ணீர் ஊற்றிவிட்டால் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு நீ அவனை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போ, அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை.

அவளே சொல்லுவாள், "தண்ணி ஊத்தியாச்சு. இனிமே உன் ஆஸ்பித்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"

அம்மா போலிச் சாமியாடி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கும் வாயில் முத்து போடும், சூடு ஏறும், மூன்று நாளில் தானாகப் போய்விடும். ஆத்தா விடாமல் தேடி வருகிற உடம்பு என்று தோட்டத்தில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகும் அது கூடவே வந்தது. பிள்ளைகளுக்கு அம்மை போட்டால் தெருப் பெண்கள் அவளிடம்தான் திருநீறு வாங்க வருவார்கள். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாளில் அவள் முன்னால் நிற்பாள். அரசாங்க லோரி ஓட்டுகிற என் அப்பாவுக்கு அந்தத் தெருவில் மரியாதை கிடைத்ததே அம்மாவால்தான். அப்பா இதையெல்லாம் பற்றி வாயே திறக்க மாட்டார்.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தங்கை இருந்தாள். ஜப்பான்காரன் காலத்தில், நடக்கப் பழகி ஓட ஆரம்பித்திருந்த வயதில், இதேபோல் காய்ச்சல் வந்து வந்து போய், ஒரு தடவை போகாமலே இருந்துவிட்டது. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்றார்கள். அம்மா அழுததாக எனக்கு நினைவில்லை. ஆத்தாவிடம் போன பிள்ளைக்கு அழக் கூடாதாம். ஒவ்வோர் ஆடி மாதமும் ஒரு சின்னப் பாவாடை தைத்து, மஞ்சள் தடவி, பொங்கல் வைத்துப் படைப்பாள். பாவாடையின் அளவு மட்டும் மாறவே மாறாது.

தம்பிக்கு ஒவ்வொரு முறை காய்ச்சல் வரும்போதும் எனக்கு அந்தப் பாவாடைதான் கண்ணில் நிற்கும். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். "ஏன் லா இப்படி அலையுற? காலைக் கட்டிட்டு ஒரு இடத்துல உக்காரு" என்பாள் அம்மா. உட்கார முடியாது. காய்ச்சல் இல்லாத நாட்களில்கூட, அடுத்தது எப்போது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அவன் தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருப்பான், நான் ஜன்னல் வழியாக அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

விஷயத்தைப் பிடித்தவர் டாக்டர்தான், அதுவும் ரத்தத்தைப் பார்த்து இல்லை. ஒரு நாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். குத்துவதற்காக நான் அவன் விரலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் குனிந்து பார்த்தார்.

"இவன் விரல் ஏன் எப்போதும் மஞ்சளாக இருக்கிறது?" என்று கேட்டார். பிறகு அவன் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "காமாலை இல்லையே."

"அது மஞ்சள் தண்ணீர் டாக்டர். குளித்துவிட்டு வருகிறான்."

"ஒவ்வொரு தடவையுமா?"

நான் சொன்னேன். வேப்பிலை, தனிப் பாய், ஆத்தா இறங்குவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, அவர் சிரிப்பாரோ என்று கோபமாகவும் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்படியானால் இந்தப் பையனின் காய்ச்சலை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை" என்றார். "மழை விட்டு வெயிலும் காய்ந்த பிறகு வந்து, வாசல் ஏன் நனையவில்லை என்று தேடிக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் இருக்கும்போது ஒரு சொட்டு வேண்டும். ஒரே ஒரு சொட்டு."

இத்தனை மாதமாக நான் ஆசை ஆசையாகக் கொண்டுபோய்ச் சேர்த்த தட்டுகள் எல்லாம் தப்பான நாளில் எடுத்த தட்டுகள். எங்கள் வீட்டாரைத் தவிர வேறு யாராலும் இவ்வளவு ஒழுங்காக, ஒரு தடவைகூடத் தவறாமல், தப்பான நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க முடியாது.

அடுத்த காய்ச்சலுக்கு ஊசியையும் தட்டையும் துணியில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்தேன். அவனை வாசல் தாண்டிக் கொண்டுபோனால்தானே குற்றம், வீட்டிலேயே எடுத்துவிட்டால் என்ன என்பது என் யோசனை. அம்மாவிடம் நயமாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஒரு சொட்டும்மா. கொசு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"ஆத்தா இருக்குற எடத்துல ரத்தம் காட்டுவியா நீ?"

"கோயில்ல கோழி வெட்டுறாங்களே."

"அது அவளுக்குக் குடுக்குறது. இது அவகிட்டேருந்து எடுக்குறது."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அம்மா தட்டைத் துணியோடு எடுத்து வெளியே என் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு வந்தாள். அந்தக் காய்ச்சல் வழக்கம்போல் இறங்கியது, தண்ணீர் ஊற்றினாள், விரல் மஞ்சளானது. "பாத்தியா" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை என்னை மூன்று வாரமும் தூங்கவிடவில்லை.

அதற்கடுத்த காய்ச்சல் வழக்கம்போல் இல்லை. முதல் நாளே கழுத்து ஒரு பக்கம் வீங்கிவிட்டது. இரண்டாம் நாள் எச்சில் விழுங்க முடியாமல் வாயைத் திறந்தபடியே கிடந்தான். உதட்டு ஓரம் கறுத்திருந்தது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பினான். மூன்றாம் நாள் காலையில் அதுவும் இல்லை. அம்மா அவன் தலைமாட்டில் வேப்பிலையால் விசிறிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது. அதற்கு மேல் ஒரு பிடிவாதம் இருந்தது. தங்கை போன அன்றும் இந்த முகம்தான் இருந்திருக்கும் என்று தோன்றியபோது என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. பாயோடு அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"எங்க கொண்டுபோற? வைடீ! வைன்னு சொல்றேன்ல!"

"ஆஸ்பித்திரிக்கு."

"வாசலைத் தாண்டினா புள்ள தங்க மாட்டான்! கேட்டியா? அவ கோவத்தை நீ பாத்ததில்ல!"

"பாத்திருக்கேம்மா. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா."

வேப்பிலைக் கொத்து என் தலையில் உரசி அறுந்து விழுந்தது. அப்பா லோரியோடு கிளேபாங் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். சைக்கிளில் இந்தப் பிள்ளையை எப்படிக் கொண்டுபோவது என்று தெருவில் நின்று விழித்தேன். பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிப் பெண்மணி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தமிழில் சாமி பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும்தான் தெரியும், மற்றதெல்லாம் மலாய். ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடி ஒரு பெச்சா ரிக்‌ஷாவை நிறுத்தினார். மூன்று சக்கரமும் அவசரத்துக்குப் பள்ளம் மேடு பார்க்காமல் ஓடின. பின்னால் அம்மாவின் குரல் கொஞ்ச தூரம் வந்தது. அவள் வரவில்லை. ஆத்தா இருக்கிற வீட்டை விட்டு அவள் எப்படி வருவாள்?

அன்று அவன் விரலில் மஞ்சள் இல்லை. நானே குத்தினேன், நானே இழுத்தேன், நானே சாயம் ஊற்றினேன். சாயம் பிடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டிய அந்தக் கொஞ்ச நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். தட்டை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார். எழுந்து எனக்கு இடம் விட்டார்.

பார்த்தேன். சிவப்பணுக்கள் வழக்கம்போல் நிறைந்து கிடந்தன. வெள்ளையணுக்களில் பல வகை உண்டு. கிருமியோடு முதலில் போய் மோதுகிற வகை ஒன்று, உள்ளே மூன்று நான்கு துண்டாக ஊதாப் புள்ளி வைத்திருக்கும். எந்தத் தட்டிலும் அதுதான் அதிகமாகக் கண்ணில் படும். என் தம்பியின் தட்டில் அது ஒன்றுகூட இல்லை. வரிசை வரிசையாகத் தேடினேன். ஓரத்தில் இருக்குமோ என்று ஓரமெல்லாம் தேடினேன். காவல்காரர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் எழுந்து போன வீட்டில் என் தம்பி தனியாகப் படுத்திருந்தான்.

அன்றைக்கே பெனிசிலின் ஊசி போட ஆரம்பித்தார்கள். மறுநாள் இடுப்பெலும்பில் தடித்த ஊசியைப் போட்டு உள்ளிருந்த மஜ்ஜையைக் கொஞ்சம் எடுத்தார் டாக்டர். தம்பிக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை, அவனுக்கும் சேர்த்து நான் அழுதேன். அந்தத் தட்டையும் எனக்குக் காட்டினார். வெள்ளையணுவின் குஞ்சுகள் அங்கே இருந்தன. உருண்டையாக, பெரிதாக, ஒன்றும் அறியாத முகத்தோடு இருந்தன. பாதி வளர்ந்ததற்கு மேல் ஒன்றும் இல்லை. பிறக்கின்றன, ஏதோ ஒரு படியில் நின்றுவிடுகின்றன.

"ஏன் நிற்கின்றன?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார் டாக்டர். "அதைத் தெரிந்துகொள்ளத்தானே நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பார், நின்றது மறுபடி நடக்கும்."

நடந்தது. சில நாளில் வீக்கம் வடிய ஆரம்பித்தது, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி தட்டு முழுக்க அந்த அணுக்கள் வந்து நின்றன. அதற்குப் பிறகும் அவனை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் அவன் விரலில் குத்தினோம். குத்துக்கு ஒரு கிண்ணம் ஐஸ் போட்ட செண்டோல் என்று அவன் டாக்டரிடமே பேரம் பேசி முடித்தான். டாக்டர் அந்த அணுக்களின் கணக்கைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். கோடு ஏறியது, இறங்கியது, மூன்று வாரத்தில் தரையைத் தொட்டது. அடுத்த மூன்று வாரத்தில் மறுபடி தொட்டது. தொட்ட ஒவ்வொரு தடவையும் காய்ச்சல். வீட்டில் ஆத்தா வந்து போகிற கணக்கும் தாளில் இருந்த கோடும் ஒன்றாகவே இருந்தன.

இதை அடியோடு குணப்படுத்த மருந்து இல்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். எந்த வாரம் வரும் என்று தெரிந்து, வந்த அன்றே ஊசி போட்டால் தப்பிக்கலாம். பிறகு அவர் சொன்ன ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "தனிப் பாய், தனிக் கிண்ணம், வெளியாள் வராதது, காய்ந்த துணி. இவனுக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதியும் இதுதான். இத்தனை நாள் இவன் உயிரோடு இருப்பதற்கு உன் அம்மாவின் கட்டுப்பாடும் ஒரு காரணமாக இருக்கலாம்." அம்மாவை அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் திட்டாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

வீட்டில் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அறுந்த வேப்பிலையை மறுபடி கட்டி, தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் காலிப் பாய்க்கு முன்னால் விரதம் இருந்து, அவன் பிழைத்த அன்று கோயிலில் மாவிளக்குப் போட்டிருந்தாள். பிழைத்தது ஆத்தா மன்னித்ததால் என்று தெருவில் சொன்னாள். நான் பெனிசிலின் என்றேன். ஒரே பிள்ளையை இரண்டு பேரும் காப்பாற்றிவிட்டு எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா நடுவில் பசியாறிவிட்டு வேலைக்குப் போய்வந்தார்.

டாக்டர் அடுத்ததாகக் கேட்டது வேறு. இது சில குடும்பங்களில் ரத்த வழியாக இறங்குகிறதோ என்று அவருக்குச் சந்தேகம். என் விரலில் குத்திப் பார்த்தார், பல வாரம் பார்த்தார், எனக்கு இல்லை. நிம்மதியாக இருந்ததா என்றால் இல்லை. தங்கைக்கும் தம்பிக்கும் வந்தது எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று ஒரு கூச்சம் இருந்தது. "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வாய்ப்புண் வருவதுண்டா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதைச் சொன்னால் அம்மாவிடம் மிச்சம் என்ன இருக்கும்?

சில வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு சண்டையில் அது தானாக வெளியே வந்தது. தம்பிக்கு நாள் நெருங்குகிறது, இந்தத் தடவையும் கூட்டிப்போவேன் என்றேன். இனி வாசலைத் தாண்டினால் தன் பிணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றாள்.

"ஆத்தா ஆத்தான்னு சொல்றியே, உன் வாயில வர்றதும் இதேதாம்மா! உன் ரத்தந்தான் அவனுக்கு வந்திருக்கு!"

அம்மா திருப்பிக் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை, நானும்தான். தம்பிக்கு நாள் வந்தபோது நான் அவனைத் தூக்கினேன், அவள் தடுக்கவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் காலையில், நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கூடத்தின் கதவருகில் அம்மா நின்றாள். தலை வாரவில்லை. கொண்டையில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தாள். கன்னம் காய்ச்சலில் சிவந்திருந்தது, வாயைச் சரியாக மூட முடியாமல் உதட்டை ஒரு மாதிரி வைத்திருந்தாள். என் வாழ்நாளில் ஆத்தா வந்த உடம்போடு அவள் வாசலைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை. டவுன் முழுக்கக் கொடித் தோரணம் கட்டிக்கொண்டிருந்த தெருக்கள் வழியாக, காஜா பெராங்கிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"எடு" என்று கையை நீட்டினாள். "நீதான் எடுக்கணும். அவங்க தொடக் கூடாது."

ஆயிரம் விரலில் குத்தியிருப்பேன், அம்மாவின் விரலை மட்டும் இரண்டு தடவை துடைத்தேன். மஞ்சள் இல்லாத விரல். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் தட்டை உலர்த்துகிற வரைக்கும் அவள் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். இந்த நடை எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

டாக்டர் பார்த்துவிட்டு என்னிடம் தலையை மட்டும் அசைத்தார். தேடித் தேடி ஓரிரண்டு இருந்தன, அவ்வளவுதான். வயது ஏற ஏறச் சிலருக்கு இது கொஞ்சம் தணிந்துவிடுமாம், அதனால்தான் அம்மா தாங்கியிருக்கிறாள். அம்மா தனக்கும் காட்டச் சொன்னாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, சந்தை மலாயில் எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். வேறொருவரின் நல்ல தட்டையும் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் காட்டினார். அம்மா வெகு நேரம் பார்த்தாள்.

"இதுல இருக்கு, என்னுதுல இல்ல" என்றாள்.

"ஆமாம்மா."

"தம்பிக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாம்மா. அவனுக்கு ஒன்னுகூட இல்ல."

கண்ணை எடுக்காமலே கேட்டாள், "அப்ப நம்ம சின்னவளுக்கு?"

நான் ஜெயித்துவிட்டேன். இத்தனை வருடம் நான் ஏங்கிக் கிடந்த வெற்றி அதுதான். அது எனக்கு வேண்டவே வேண்டாம் என்று அந்த நிமிடம் தோன்றியது.

"அவ ரத்தத்தை யாரும் எடுக்கலையேம்மா. தெரியாது."

"எடுக்கல. யாரையும் உள்ள விடாம வாசல்ல நான்தான் உக்காந்திருந்தேன்." புண்ணோடு பேசியதில் அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. "இவனுக்குப் போட்டீங்களே அந்த ஊசி, அது அப்ப இருந்துச்சான்னு கேளு."

எனக்குப் புரிந்துவிட்டது. கேட்கப் பயமாக இருந்தது. டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, எனக்குப் பதில் சொல்லாமல் நேராக அம்மாவின் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் இந்த நாட்டில் அந்த மருந்து இல்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகுதான் வந்தது.

"இல்லையா?" அம்மா என் கையைப் பிடித்தாள். கை அனலாய்ச் சுட்டது. "நெசமா இல்லையா? தூக்கிட்டு ஓடியாந்திருந்தாலும்?"

"இல்லம்மா. யாருக்குமே இல்ல."

அது உண்மை. இருந்திருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன், அதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அம்மா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, ஆத்தாவிடம் போன பிள்ளைக்கு அழக் கூடாது என்று இத்தனை காலம் வைத்திருந்த அழுகையை அழுதாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். வேறு எங்கும் நடக்கத் தோன்றவில்லை.

அந்த ஆடியிலும் சின்னப் பாவாடை தைத்துப் படைத்தாள். வேப்பிலை கட்டுவதையும் விடவில்லை, எண்ணெய் காயவில்லை, தலை வாரவில்லை. தம்பிக்கு அடுத்த தடவை காய்ச்சல் தொடங்கிய காலையில் நான் வழக்கம்போல் சண்டைக்குத் தயாராக எழுந்து வந்தேன். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அதற்குக் கீழே பெச்சா நின்றது. தம்பியை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அம்மா அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன லா நின்னுக்கிட்டு இருக்க?" என்றாள். "சைக்கிளை எடு."